வெந்ததும் வேகாததும்: சால்மோனெல்லாவை வீட்டிலும் கடையிலும் தடுப்பது

2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு, பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழக அரசு தடை விதித்தது. கேரளம் 2023-லும் தெலங்கானா 2024-லும் இதே முடிவை எடுத்திருந்தன. தமிழக உத்தரவு பெயர் சொல்லிக் குறிப்பிட்ட கிருமிகளில் சால்மோனெல்லாவும் ஒன்று. முட்டையை யாரும் தடை செய்யவில்லை, கோழியையும் தடை செய்யவில்லை. அடுப்பைப் பார்க்காமலே வாய்க்குப் போகும் ஒரு பண்டத்தை மட்டும் தடுத்தார்கள். இந்த அத்தியாயம் சொல்ல வருவது முழுவதும் அதற்குள் இருக்கிறது. நம் சமையல் எதையும் கொதிக்கவைத்து, வதக்கி, ஆவியில் வேகவைத்துத்தான் இறக்கும். அப்படிப்பட்ட சமையலில் சால்மோனெல்லா பிழைத்திருக்க இடமே இல்லை. ஆனாலும் அது நம்மைத் தாக்குகிறது என்றால், அடுப்புக்கு முன்னாலோ அடுப்பிலிருந்து இறக்கிய பின்னாலோ நாம் எங்கோ வழிவிடுகிறோம். கோவளம் தொடங்கி மாமல்லபுரம், கல்பாக்கம் வழியாகக் கடப்பாக்கம் வரை கடற்கரையோரம் சமைப்பவர்களும், செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் வீடோ கடையோ நடத்துபவர்களும் அந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பதற்கானவை கீழே உள்ள படிகள்.

தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்

சால்மோனெல்லா குடலில் வாழும் பாக்டீரியா. கோழி, ஆடு, மாடு, பல்லி, ஆமை, மனிதர் என்று எந்தக் குடலிலும் அது இருக்கலாம். மலத்தின் வழியாக வெளியேறி, உணவின் வழியாகவோ தண்ணீரின் வழியாகவோ இன்னொரு குடலை அடைகிறது. 2,500-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு; நடைமுறைக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டால் போதும். மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவி டைபாய்டு, பாராடைபாய்டு காய்ச்சலைத் தருபவை ஒன்று. பெரும்பாலும் கோழி, முட்டை, இறைச்சி வழியாக வந்து வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, காய்ச்சலைத் தருபவை மற்றொன்று. இரண்டாம் வகை, சாப்பிட்ட 6 மணி நேரத்திலிருந்து 3 நாட்களுக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். டைபாய்டு ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை ஒளிந்திருந்து வெளிப்படும். அதனால்தான் டைபாய்டு வந்தவருக்கு எந்தச் சாப்பாட்டில் வந்தது என்பது பெரும்பாலும் நினைவிருப்பதில்லை.

இந்தக் கிருமிக்கு மிகவும் பிடித்த வெப்பம் நம் உடல் சூடான 37 டிகிரி செல்சியஸ். அக்னி நட்சத்திர நாட்களில் செங்கல்பட்டுச் சமையலறை மேடையும் ஏறத்தாழ அதே சூட்டில்தான் இருக்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகப் பெருகுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு கிருமி 6 மணி நேரத்தில் 2,62,144 ஆகிவிடும். காலை பத்து மணிக்கு இறக்கிய குழம்பை மாலை நாலு மணிக்குச் சூடாக்காமல் சாப்பிடுபவர் இந்தக் கணக்கை நினைத்துப் பார்க்கட்டும். 5 டிகிரிக்குக் கீழே கிருமியின் பெருக்கம் அடங்கும், ஆனால் அது சாவதில்லை; ஃப்ரீசரில்கூட உயிரோடு காத்திருக்கும். 74 டிகிரியை உணவின் நடுப்பகுதி தொட்டுவிட்டால் செத்துவிடும். குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஊசிப்போனால் வாடை காட்டிக்கொடுக்கும் என்பது நம் பழக்கம். வாடை, நுரை, நூல் பிரிவது எல்லாம் வேறு கிருமிகளின் வேலை. சால்மோனெல்லா ஏறிய கறி புத்தம்புதிதாகவே மணக்கும், ருசியும் மாறாது. மூக்கு தேறியது என்று சொன்ன உணவும் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

கடையிலிருந்து தட்டு வரை: ஏழு படிகள்

வரிசை முக்கியம். ஆறு படியை ஒழுங்காகச் செய்து ஒன்றை விட்டால் மற்ற ஆறும் வீண் என்கிற இடங்கள் இதில் உண்டு.

1. வாங்கும் வரிசை. காய்கறி, மளிகை முதலில், கறியும் மீனும் கடைசியில். கறிப் பையைக் கொத்தமல்லி, புதினா, தக்காளி இருக்கும் பையில் சேர்க்கக் கூடாது. சட்னிக்கும் சாலட்டுக்கும் போகும் இலைகள் அடுப்பைப் பார்க்கப் போவதில்லை. அவற்றின் மேல் சொட்டும் ஒரு துளி கறித்தண்ணீரே போதும். முட்டையில் விரிசல் விட்டது, எச்சம் அப்பியது இரண்டையும் விலை குறைவு என்று வாங்க வேண்டாம். விரிசல் முட்டையைத்தான் பல கடைகள் மலிவாகத் தள்ளிவிடும்.

2. வைக்கும் இடம். கறியும் மீனும் மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில். மேல்தட்டில் வைத்தால் ஒழுகுவது எல்லாம் கீழே இருக்கும் தயிரிலும் மாவிலும் இறங்கும். உறைந்த கறியை மேடையில் வைத்து இளக்காமல் முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் அடித்தட்டுக்கு இறக்கி வையுங்கள்.

3. கழுவுதல். அமெரிக்க வேளாண் துறை, கோழியைக் கழுவவே வேண்டாம் என்கிறது. குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் நீர் மேடை முழுவதும் கிருமியைப் பரப்பும் என்பது காரணம். காரணம் சரிதான். ஆனால் நம் கடைகளில் கண்ணெதிரே வெட்டித் தரும் கறியில் ரத்தமும் இறகும் எலும்புத் துணுக்கும் ஒட்டியிருக்கும். கழுவாமல் சமைக்கச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் கழுவும் முறையை மாற்றுவோம். குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே அலசாதீர்கள். ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, கறியை அதில் மூழ்கவைத்து, கையால் மெதுவாக அலசி, தண்ணீரைத் தெறிக்காமல் சாய்த்து ஊற்றுங்கள். பக்கத்தில் கழுவிய தட்டும் டம்ளரும் கவிழ்த்து வைத்திருந்தால் முதலில் அவற்றை அகற்றுங்கள். முடிந்ததும் சிங்க்கையும் குழாய்க் கைப்பிடியையும் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். மஞ்சளும் உப்பும் கவிச்சியைப் போக்கும், கிருமியை ஒழிக்காது.

4. வெட்டுதல். வீட்டில் இரண்டு பலகை, இரண்டு கத்தி. ஒன்று கறி மீனுக்கு, மற்றது காய்க்கும் பழத்துக்கும். ஒன்றுதான் உண்டு என்றால் வெங்காயம், தக்காளி, எலுமிச்சை எல்லாவற்றையும் நறுக்கி எடுத்து வைத்த பின்னரே கறியைத் தொடுங்கள். அரிவாள்மனைக்கும் இதே சட்டம். கறி வெட்டிய கையைப் பிடிதுணியில் துடைத்துவிட்டு அதே துணியால் தட்டைத் துடைப்பது, வீட்டுச் சமையலறைகளில் மிகச் சாதாரணமாக நடக்கும், மிக எளிதில் நிறுத்தக்கூடிய தவறு.

5. வேகவைத்தல். குழம்பில் கவலையில்லை. கவலை எல்லாம் வறுவலில், கிரில்லில், தந்தூரியில், வெளிப்பக்கம் கருகி உள்ளே ரத்தம் கசியும் கால் துண்டில். எலும்பு மூட்டில் கத்தியால் கீறிப் பாருங்கள். சாறு தெளிந்து வர வேண்டும், சதை இளஞ்சிவப்பாக இருக்கக் கூடாது. கடை நடத்துபவர்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஊசி வெப்பமானி ஒன்று வாங்கிவிடலாம். நடுச்சதையில் 74 காட்டினால் சந்தேகம் தீர்ந்தது. முட்டையில் மஞ்சள் கரு கெட்டிப்பட வேண்டும். ஆஃப்பாயில் பிரியர்களுக்கு இது கசக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் ஆஃப்பாயில் கொடுக்கவே கூடாது. மற்றவர்கள் தெரிந்தே எடுக்கும் துணிச்சல் அது.

6. இறக்கிய பின். இந்தப் படியில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். வெந்ததை எடுக்கப் புதுக் கரண்டி, புதுத் தட்டு. மசாலா தடவிய பச்சை மீன் இருந்த தட்டிலேயே பொரித்த துண்டை வைத்தால் அடுப்பு செய்த வேலை முழுவதும் அழிந்துவிடும். மேலே தூவும் மிளகுத்தூளையும் கவனியுங்கள். 2022 மே மாதம் காசர்கோட்டில் ஷவர்மா சாப்பிட்ட ஒரு மாணவி இறந்தபின் நடந்த சோதனையில், ஷவர்மாவில் சால்மோனெல்லாவும் ஷிகெல்லா என்ற இன்னொரு குடல் கிருமியும் இருந்தன. அங்கே எடுத்த மிளகுத்தூளிலும் சால்மோனெல்லா இருந்தது. காய்ந்த பொடியில் கிருமி பெருகாது, ஆனால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தூளை எண்ணெயிலோ கொதியிலோ சேர்த்துவிட்டால் இந்த வழி அடைபடும்.

7. மீதி வைப்பது. இறக்கிய 2 மணி நேரத்துக்குள், வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் 1 மணி நேரத்துக்குள், சாப்பிட்டு முடிக்க வேண்டும் அல்லது ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். நம் ஊரில் பாதி ஆண்டு அந்த 1 மணிக் கணக்குதான். முழுப் பாத்திரத்தையும் அப்படியே உள்ளே வைத்தால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். மறுநாள் எடுக்கும்போது தேவையான அளவை மட்டும் எடுத்து, வெதுவெதுப்பாக்காமல் கொதிக்கவிட வேண்டும்.

*குறிப்பு:* முட்டையை வாங்கி வந்ததும் கழுவி அடுக்க வேண்டாம். ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் உள்ளே போகும்போது கிருமியும் போகும். உடைக்கும் முன் கழுவினால் போதும். உடைத்த கையைச் சோப்பால் கழுவிவிட்டுத்தான் உப்பு டப்பாவைத் தொட வேண்டும்.

‘எங்கள் தாத்தா பாட்டி எல்லாம் இப்படியா பார்த்தார்கள்?’

நியாயமான கேள்வி. அவர்கள் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் குறைவாக இருந்தது. கறி எடுப்பது மாதத்துக்கு ஒரு நாள். எடுத்த அன்றே குழம்பாகி அன்றே தீர்ந்துவிடும். மயோனைஸ் இல்லை, ஷவர்மா இல்லை, மூன்று நாள் குழம்பைச் சேர்த்து வைக்கும் ஃப்ரிட்ஜ் இல்லை. அவர்கள் சமையலில் இருந்த பாதுகாப்பை அப்படியே வைத்துக்கொண்டு அவர்களுக்கு இருந்திராத ஆபத்துகளை மட்டும் நாம் சேர்த்துக்கொண்டோம். அதோடு, அந்தக் காலத்தில் வாந்திபேதியில் செத்த குழந்தைகளின் கணக்கை யாரும் கோழிக்கறியோடு சேர்த்து எழுதி வைக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

பழைய சோறு இரவெல்லாம் வெளியே கிடக்கிறதே, அதனால் யாருக்கு என்ன ஆனது என்றும் கேட்பார்கள். பழைய சோற்றில் நீர் புளிக்கிறது; அந்தப் புளிப்பை உண்டாக்கும் நல்ல பாக்டீரியாக்களே சால்மோனெல்லாவைத் தலையெடுக்கவிடாமல் அமுக்குகின்றன. இட்லி மாவும் அப்படித்தான், மேலும் அது ஆவியிலும் வேகிறது. கோழிக் குழம்போ தேங்காய்ச் சட்னியோ இரவில் புளித்துத் தன்னைக் காத்துக்கொள்வதில்லை. பழைய சோற்றுக்கும் நல்ல தண்ணீர், கழுவிய கை என்ற இரண்டு நிபந்தனைகள் உண்டு.

எலுமிச்சையோ வினிகரோ சேர்த்தால் பச்சை முட்டை மயோனைஸ் சுத்தமாகிவிடாதா? போதுமான வினிகர் சேர்த்து, போதுமான நேரம் விட்டால் கிருமி குறையும். பெரிய நிறுவனங்கள் முட்டையைச் சூடுபடுத்திக் கிருமி நீக்கி, புளிப்பையும் அளந்து சேர்க்கின்றன. சாலையோரத்தில் மிக்சியில் அடிப்பவர் ருசிக்கு எவ்வளவோ அவ்வளவுதான் பிழிவார். பின்பு அந்தக் கிண்ணம் மாலை முழுதும் கிரில் அனலுக்குப் பக்கத்தில் இருக்கும். நாட்டுக்கோழி முட்டையாயிற்றே என்பதும் வாதமாகாது. கிருமி கோழியின் சூலகத்திலேயே இருந்து ஓட்டுக்குள் சேரக்கூடியது. கோழி பண்ணையில் வளர்ந்ததா கொல்லையில் வளர்ந்ததா என்று அது பார்ப்பதில்லை. மயோனைஸ் வேண்டுமென்றால் பால் சேர்த்து முட்டையில்லாமல் அடிப்பது எளிது.

கடலோரத்துக்கே உரிய நான்கு இடங்கள்

கடல் மீனின் உடலில் சால்மோனெல்லா இயல்பாக இருப்பதில்லை. கரைக்கு வந்தபின் கைகள், மணல், ஐஸ், கழுவும் தண்ணீர் ஆகியவை அதை மீனுக்குக் கொடுக்கின்றன. மீனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அது கடந்து வரும் பாதையைப் பாருங்கள். மீனைப் பதப்படுத்தும் ஐஸ் பெரும்பாலும் குடிக்கும் தரத்தில் செய்யப்படுவதில்லை. அதை அடையாளம் காண நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் உத்தரவிட்டது. சர்பத்திலோ கரும்புச்சாற்றிலோ நீலம் தட்டிய ஐஸ் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நிறமில்லாத ஐஸிலும் எந்தத் தண்ணீர் என்று கேட்பதில் தவறில்லை. முட்டுக்காடு போன்ற கழிமுகங்களில் எடுக்கும் மட்டி, சிப்பி வகைகள் சுற்றியுள்ள நீரை வடிகட்டியே உண்பவை. நீரில் சாக்கடை கலந்திருந்தால் அதையும் சேர்த்து வைத்திருக்கும். ஓடு திறந்தவுடன் இறக்கிவிடாமல் இன்னும் சில நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகிறவர்கள் வறுத்த மீனைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், வெட்டிய மாங்காயையும் தர்ப்பூசணியையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். உண்மையில் கண்ணெதிரே எண்ணெயில் விழுந்து எழும் வஞ்சிரத் துண்டு பாதுகாப்பானது. அதன் மேல் வைக்கும் வெங்காயமும், வாளித் தண்ணீரில் நனைத்த கத்தியால் வெட்டிய பழமும்தான் வேகாதவை. முழுப் பழத்தை வாங்கி அறையில் கழுவி வெட்டுவது நல்லது. கண்ணெதிரே வெட்டித் தரும் இளநீரில் பிரச்சினை இல்லை. சுண்டல் சூடாக இருந்தால் தாராளமாக.

நான்காவது இடத்தைப் பலர் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆமை, பல்லி, பாம்பு, முதலை எல்லாமே சால்மோனெல்லாவைச் சுமந்தபடி ஆரோக்கியமாகவே வாழக்கூடியவை. 4 அங்குலத்துக்கும் சிறிய ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975-ல் தடை செய்தது, குழந்தைகள் அவற்றை வாயில் வைத்ததால்தான். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போனால் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு ஆபத்தில்லை. எந்த ஊர்வன விலங்கைத் தொட்டாலும், அதன் தண்ணீரைத் தொட்டாலும், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வீட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் தொட்டியில் ஆமை வளர்க்காதீர்கள்.

தண்ணீரும் டைபாய்டும்

2024 டிசம்பரில் பல்லாவரம், தாம்பரம் பகுதியில் பலர் வாந்தி வயிற்றுப்போக்கோடு மருத்துவமனை சேர்ந்தபோது, காரணம் குடிநீரா சாப்பாடா என்று பெரிய விவாதம் நடந்தது. அதிகாரிகளுக்கு அந்தக் கேள்வி முக்கியம். உங்கள் வீட்டிலோ இரண்டையும் சேர்த்தே காக்க வேண்டும். பாலாற்றின் மேல்பக்கம் இருக்கும் வேலூரில் 2017 முதல் 2020 வரை கிறித்தவ மருத்துவக் கல்லூரி நடத்திய கண்காணிப்பில், ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் சுமார் 1,170 பேருக்கு டைபாய்டு வருவதாகக் கணக்கிடப்பட்டது. இது பழைய காலத்து நோய் என்ற எண்ணம் தவறு என்பதற்கு இந்த எண் போதும். தண்ணீர் ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதித்தால் கிருமி போய்விடும். கொதித்த தண்ணீரில் சொம்பையும் கையையும் விட்டு மொள்ளாமல், குழாய் வைத்த பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள். காய்ச்சியதன் பலன் பாதி அதில்தான் நிற்கிறது. கேன் தண்ணீரை நம்புபவர்கள், கேனை மாட்டும் டிஸ்பென்சரைக் கடைசியாக எப்போது கழுவினோம் என்று யோசித்துப் பாருங்கள்.

டைபாய்டுக்குத் தடுப்பூசி உண்டு. ஒரே ஊசி, 6 மாதக் குழந்தையிலிருந்து போடலாம். குழந்தைகள் நல மருத்துவரிடம் கேளுங்கள். கோழி, முட்டை வழியே வரும் சால்மோனெல்லாவை இந்த ஊசி தடுக்காது என்பதால், மேலே சொன்ன ஏழு படியையும் ஊசி போட்டவர்களும் விட முடியாது.

கடை, ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு

சமைப்பவர், பரிமாறுபவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும், டைபாய்டு வகைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசியும் உணவுப் பாதுகாப்பு விதிகளில் உள்ளவை. காகிதத்துக்காக அதைச் செய்யாதீர்கள். நியூயார்க்கில் மேரி மல்லன் என்ற சமையற்காரர் நோயின் அறிகுறியே இல்லாமல் வீடு வீடாக டைபாய்டைப் பரப்பியது 1907-ல் தெரியவந்தது. கழிவறைக்குப் போய்வந்த கையைச் சோப்பால் கழுவாத ஒரு பரிமாறுபவர் இன்றும் அதையே செய்ய முடியும். வயிற்றுப்போக்கு என்று சொல்பவருக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் விடுப்பு கொடுங்கள். சம்பளம் போகுமென்றால் யாரும் சொல்லமாட்டார்கள். சட்டிக்குப் பக்கத்தில் நின்று மறைப்பார்கள். மற்றபடி மூன்றே பழக்கங்கள்: பச்சைக்கும் வெந்ததற்கும் வெவ்வேறு நிறக் கைப்பிடி உள்ள இடுக்கி, ஷவர்மா கம்பியில் அன்று மீந்ததை மறுநாள் ஏற்றாமை, அண்டா பிரியாணியை அனல் குறையாமல் வைத்திருப்பது.

நோய் வந்துவிட்டால்

1. உடனே உப்பு சர்க்கரைக் கரைசல். மருந்துக்கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை 1 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் என்ற கணக்கு ஆபத்தானது. பொட்டலம் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தட்டையாக 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.
2. குழந்தைக்குத் தாய்ப்பாலையோ சாப்பாட்டையோ நிறுத்த வேண்டாம். 14 நாள் துத்தநாக மாத்திரையைச் சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள்.
3. பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருக்கும் பெரியவரும் தவிர்க்க வேண்டும்.
4. கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் விழுங்காதீர்கள். சாதாரண சால்மோனெல்லா வயிற்றுப்போக்கு பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கும்; தேவையில்லாத மருந்து, கிருமி குடலில் தங்கும் காலத்தை நீட்டக்கூடும். டைபாய்டு அப்படியல்ல, அதற்கு மருந்து கட்டாயம், பாதியில் விடவும் கூடாது. காய்ச்சல் பல நாள் நீடித்தால் மருந்து தொடங்கும் முன்பே ரத்தக் கல்ச்சர் சோதனை செய்ய மருத்துவரிடம் கேளுங்கள்; விடால் என்னும் ரத்தச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுப்பது பலமுறை தவறாகப் போகிறது.
5. மலத்தில் ரத்தம், 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், சிறுநீர் குறைவது, நாக்கு வறண்டு தலை சுற்றுவது, மூன்று நாளாகியும் நிற்காத போக்கு ஆகியவற்றில் எதுவானாலும் மருத்துவமனை. கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், சர்க்கரை நோயாளி என்றால் இவை வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஆம்புலன்சுக்கு 108, ஆலோசனைக்கு 104.

வெளியில் சாப்பிட்டதால் வந்தது என்று சந்தேகமிருந்தால், மீதமிருக்கும் உணவைக் கோபத்தில் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். அதே பொட்டலத்தோடு மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு, எங்கே, எப்போது, என்ன சாப்பிட்டோம் என்பதை அன்றே எழுதி அனுப்புங்கள்.